யானைக்கு இருபது காவல்காரர்கள்

அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்குப் போகிற பஸ்ஸில் எப்போதாவது ஏறியிருக்கிறீர்களா? ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மலையடிவாரத்தில் வரட்டுப்பள்ளம் அணை வரும். வெயில் காலத்துச் சாயங்காலமாக இருந்தால், பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே பக்கத்து ஜன்னலுக்குச் சாய்ந்து விடுவார்கள். காட்டு யானைகள் தண்ணீருக்கு இறங்கும் நேரம் அது. அந்தியூர், கோபிசெட்டிபாளையம் தாலுகாக்களின் காடுகளைச் சேர்த்து, 800 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பை 2024-ல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அரசாங்கம் அறிவித்தது. ஆகவே அந்த மலையில் யானைதான் வீட்டுக்காரர்; பஸ்ஸில் போகிற நாமெல்லாம் விருந்தாளிகள்.

அந்தியூர் வாசகி ஒருவர் இந்தப் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பஸ்ஸில் யானையைப் பார்த்த அவருடைய பெண், ஐந்தாவது படிக்கிறவள், வீடு வந்து சேரும் வரையில் ஒரே கேள்வியைக் கேட்டுக் கொண்டு வந்தாளாம்.

"ஏம்மா, நம்ம அமுச்சிக்குத் துளியூண்டு ஒடம்பு. அதுலயே புத்துநோய் வந்துச்சு. யானைக்கு இத்தனை பெரிய ஒடம்பாச்சே, அதுக்கு எத்தனை வரும்?"

"வாயை மூடிக்கிட்டு வா" என்று அடக்காமல், குழந்தையின் கேள்வியை அப்படியே எழுதி அனுப்பிய அந்தத் தாய்க்கு முதலில் என் நன்றி. கடிதத்தின் இரண்டாவது பக்கத்தில் அவர் வேறொரு விஷயமும் எழுதியிருந்தார். அது அச்சுக்குக் காத்திருக்கக் கூடிய விஷயமாக இல்லாததால், அதற்குப் பதிலை அன்றைக்கே தபாலில் அனுப்பி விட்டேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் யானை.

கணக்குப்படி வர வேண்டியது ஏன் வரவில்லை?

அந்தச் சின்னப் பெண் கேட்டதையேதான் 1970-களில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பீட்டோ என்ற புள்ளிவிவர நிபுணரும் கேட்டார். உடம்பு என்பது கோடானு கோடி ஸெல்கள் சேர்ந்து கட்டிய வீடு. நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி ஸெல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பழைய ஸெல்கள் மாண்டு, புதியவை பிறந்து கொண்டே இருக்கின்றன. ஒரு ஸெல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது எழுத்துப் பிழை நேரலாம். அப்படிப் பிழைகள் சேர்ந்த ஒரு ஸெல், அடங்காமல் பெருகிக் கொண்டே போவதைத்தான் புற்றுநோய் என்கிறோம்.

அப்படியானால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம்மைப் போல ஐம்பது, அறுபது மடங்கு எடை யானைக்கு. ஸெல்களும் அதே விகிதத்தில் அதிகம். ஆயுளோ ஏறக்குறைய நம்முடையதுதான். கணக்குப்படி பார்த்தால் வயசான யானை ஒன்றுகூடப் புற்றுநோய்க்குத் தப்பக் கூடாது. ஆனால் நடப்பது நேர் விரோதம்! விஞ்ஞானிகள் 644 யானைகளின் மரணக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். நூறு யானைகளில் ஐந்துகூடப் புற்றுநோயால் சாகவில்லை என்று தெரிந்தது. மனிதர்களிலோ நூற்றுக்கு 11 முதல் 25 பேர் வரை அதற்குப் பலியாகிறார்கள்.

இந்த அதிசயத்துக்குக் காரணம் என்ன? அதைத் தெரிந்து கொள்ள ஸெல்லுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம். உங்கள் சமையலறையைத் தெரிந்தவர்களுக்கு ஸெல்லின் சமாசாரம் சுலபமாகப் புரிந்து விடும்.

பெட்டிக்குள் ஒரு பக்குவப் புத்தகம்

பாட்டி கைப்பட எழுதி வைத்த சமையல் பக்குவப் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரே பிரதிதான். அதை யாராவது அடுப்படிக்கு எடுத்துப் போவார்களா? எண்ணெய்க் கறை படும், தாள் கிழியும். பெட்டியில் பத்திரமாக வைத்து விட்டு, இன்றைக்கு வேண்டிய பக்குவத்தை மட்டும் துண்டுக் காகிதத்தில் பார்த்து எழுதிக் கொண்டு போவார்கள். வேலை முடிந்ததும் அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிந்து விடலாம். புத்தகம் பத்திரமாக இருக்கும்.

ஸெல்லும் இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறது. அதன் நடுவில் உள்ள கருதான் பெட்டி. உள்ளே இருக்கும் டி.என்.ஏ.தான் புத்தகம். அதில் சுமார் 20,000 பக்குவங்கள் எழுதியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஜீன். ஒவ்வொரு ஜீனும் ஒரு புரதத்தைத் தயாரிக்கும் முறையைச் சொல்கிறது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? உங்கள் கண்ணில் இருக்கும் ஸெல்லிலும், ஈரலில் இருக்கும் ஸெல்லிலும் ஒரே புத்தகம்தான் இருக்கிறது. ஆனால் கண் பித்தநீரைச் சுரப்பதில்லை, ஈரல் பார்ப்பதில்லை. ஏன்? எல்லாப் பக்குவத்தையும் எல்லா இடத்திலும் சமைப்பதில்லை. கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் ஒருவர் நின்று கொண்டு, "இப்போது சாம்பாரைக் கவனி, பாயசம் அப்புறம்" என்று உத்தரவு போடுவார் அல்லவா? அவர் கரண்டியைத் தொடுவதில்லை. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை எப்போது நகல் எடுப்பது என்று சொல்வதோடு அவர் வேலை சரி.

ஸெல்லுக்குள்ளும் அப்படி உத்தரவு போடும் புரதங்கள் இருக்கின்றன. அவை டி.என்.ஏ.யில் ஒரு ஜீனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கொண்டு, "இதை நகல் எடு" என்றோ, "இதை மூடி வை" என்றோ கட்டளை இடுகின்றன. டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். படியெடுப்புக் காரணி என்று தமிழில் சொல்லலாம். மனித உடம்பில் இந்த ஜாதிப் புரதங்கள் சுமார் 1,600 இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் இன்றைய நம் கதாநாயகன். பெயர், பி-53. பெயரைக் கேட்டால் பஸ் நம்பர் மாதிரி இருக்கிறது. ஆனால் செய்கிற காரியம் கொஞ்சநஞ்சமல்ல.

சந்தையில் சுழி பார்ப்பவர்

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோவில் பண்டிகையில் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடும். அங்கே அனுபவசாலி ஒருவர் மாடு வாங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு அடி நடக்க விட்டுப் பார்ப்பார். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால், விற்கிறவர் எவ்வளவு பேசினாலும் கயிற்றைக் கையில் வாங்க மாட்டார்.

பி-53 அப்படிப்பட்ட ஆசாமி. ஸெல் இரண்டாகப் பிரியப் புறப்படும்போது அதன் டி.என்.ஏ.யில் சேதம் இருந்தால், இந்தக் காவல்காரனுக்குத் தகவல் போய் விடும். உடனே மூன்று விதமான ஜீன்களைத் திறக்கச் சொல்லி உத்தரவிடுகிறது. முதல் உத்தரவு, "பிரியாதே, நில்!" இரண்டாவது உத்தரவு, "சேதத்தைச் செப்பனிடு." செப்பனிட முடியாத அளவுக்குச் சேதம் என்றால் மூன்றாவது உத்தரவு பிறக்கிறது. அது கொஞ்சம் கடுமையானது. "நீ மாண்டு போ" என்பதுதான் அது. அந்த ஸெல் மறுபேச்சு இல்லாமல் தன்னைத் தானே அழித்துக் கொள்கிறது. வீட்டைக் காப்பாற்ற ஒரு செங்கல்லைத் தியாகம் செய்வது போல.

இவ்வளவு அதிகாரம் உள்ளவன் சும்மா இருக்கும் வேளையில் எல்லாரையும் மிரட்டிக் கொண்டு திரிந்தால் என்ன ஆகும்? நல்ல ஸெல்களும் பிழைக்காது. அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. எம்.டி.எம்.2 என்று இன்னொரு புரதம், பி-53 உண்டாக உண்டாக அதைப் பிடித்து அழித்துக் கொண்டே இருக்கிறது. அமைதியான நாளில் ஒரு பி-53-க்கு இருபது நிமிஷம் ஆயுள் இருந்தால் அதிகம். டி.என்.ஏ.யில் சேதம் என்று மணி அடித்ததும் எம்.டி.எம்.2-ன் பிடி தளர்கிறது. காவல்காரர்கள் மளமளவென்று திரண்டு விடுகிறார்கள். இன்னும் விசேஷம் கேளுங்கள். அந்த எம்.டி.எம்.2-ஐத் தயாரிக்கச் சொல்லி உத்தரவு போடுவதும் பி-53தான்! தன்னை அடக்குகிறவனைத் தானே கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக் கொள்கிற அதிகாரியை மனிதர்களில் எங்கே பார்க்கிறோம்?

பி-53 தனியாக வேலை செய்வதில்லை. நான்கு புரதங்கள் ஒன்று சேர்ந்து டி.என்.ஏ.யைப் பற்றுகின்றன. நாலு பேர் தூக்கும் பல்லக்கு மாதிரி என்று சொல்லலாம். நாலில் ஒருவன் நொண்டினாலும் பல்லக்கு ஆடுகிறதல்லவா? ஒரு ஜீன் கெட்டுப் போய்க் கெட்ட பி-53 உண்டானால், அது நல்லவற்றோடு சேர்ந்து கொண்டு அவற்றின் வேலையையும் கெடுக்கிறது. மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறையப் பாதியில் இந்த ஒரு ஜீன் பழுதாகி இருக்கிறது.

பத்து வருஷப் பழி

இந்தக் காவல்காரனுக்கு விஞ்ஞானிகள் முதலில் சூட்டிய பட்டம் என்ன தெரியுமா? திருடன்!

1979-ல் லண்டனில் டேவிட் லேன் என்பவரும் லயனல் கிராஃபோர்டும், அமெரிக்காவில் ஆர்னால்டு லெவினும், இன்னும் சிலரும் தனித்தனியே இந்தப் புரதத்தைக் கண்டார்கள். புற்றுநோய் ஸெல்களில் அது குவிந்து கிடந்தது. திருட்டு நடந்த வீட்டில் கையும் காலுமாக ஒருவன் நின்றால் யார் சந்தேகப்பட மாட்டார்கள்? புற்றுநோயை உண்டாக்குவதே இதுதான் என்று முடிவு கட்டி விட்டார்கள். பத்து வருஷம் அந்தப் பழி இருந்தது.

1989-ல் அமெரிக்காவில் பெர்ட் வோகல்ஸ்டைன் என்பவரின் கூடத்தில் குடல் புற்றுநோய்களை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆரம்பத்தில் சோதனைக்கு எடுத்துக் கொண்ட ஜீன்கள் ஏற்கெனவே பழுதானவை. பழுதில்லாத பி-53-ஐ ஸெல்லுக்குள் விட்டால் அது புற்றை வளர்ப்பதற்குப் பதிலாக அடக்கியது. அடிபட்டு மயங்கிக் கிடந்த காவல்காரனைத்தான் இத்தனை காலம் திருடன் என்று சொல்லி வந்திருக்கிறார்கள். 1992-ல் டேவிட் லேன் அதற்கு ஜீன்களின் காவலன் என்று பட்டம் கொடுத்தார். மறு வருஷம், அமெரிக்காவின் பிரபல 'சயன்ஸ்' பத்திரிகை அதை அந்த ஆண்டின் தலைசிறந்த மூலக்கூறாகத் தேர்ந்தெடுத்தது.

யானையின் ரகசியம்

இப்போது அந்தியூர்ப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். மனிதர்களுக்கு இந்தக் காவல் ஜீன் இரண்டு பிரதிகள். அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. இதில் ஒன்று பிறவியிலேயே பழுதாகி வரும் குடும்பங்களும் உலகத்தில் உண்டு. 1969-ல் லீ, ஃப்ராமேனி என்ற இரு டாக்டர்கள் அத்தகைய குடும்பங்களை முதலில் கண்டெழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுளில் ஏதாவது ஒரு புற்றுநோய் வந்து விடுகிறது. குழந்தைகளையும் அது விடுவதில்லை.

அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஜோஷுவா ஷிஃப்மன் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய சகாக்களும் 2015-ல் யானையின் ஜீன்களை ஆராய்ந்தார்கள். ஆப்பிரிக்க யானையிடம் அப்பா வழியில் இருபது, அம்மா வழியில் இருபது என்று காவல் ஜீன்கள் இருந்தன! நம் நாட்டு யானை இனத்திலும் பதினைந்து முதல் இருபது வரை இருக்கும் என்று கண்டார்கள். ஆதி ஜீன் ஒன்று. மற்றவை யுகயுகமாகப் பெருகிய நகல்கள்.

பிறகு ஒரு சோதனை செய்தார்கள். ரத்தத்தில் உள்ள வெள்ளை ஸெல்களின்மேல் டி.என்.ஏ.யைச் சேதப்படுத்தும் கதிர்களைப் பாய்ச்சினார்கள். காவல் ஜீன் ஒன்று பழுதான குடும்பத்தாரின் ஸெல்களில் நூற்றுக்கு மூன்றுதான் தம்மை அழித்துக் கொண்டன. சாதாரண மனிதர்களுடையதில் நூற்றுக்கு ஏழு. யானையுடையதில் நூற்றுக்குப் பதினைந்து! கெட்டுப் போன ஸெல்லை ஒட்ட வைத்துப் பார்ப்பதில் யானைக்கு நம்பிக்கை இல்லை. சந்தேகம் வந்தால் உடனே வெளியே அனுப்பி விடுகிறது. எழுபது வருஷ ஆயுசுக்கு அது ஒரு காரணம் என்று நம்புகிறார்கள்.

"யானைக்கு நிறையக் காவல்காரங்க கண்ணு, நமக்கு ரெண்டே பேரு. அதனால நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்று உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் நீங்கள் சொல்லலாம்.

காவல்காரனை வீழ்த்தும் எதிரிகள்

ஜாக்கிரதை என்றால் யாரிடம்? முதல் எதிரி புகையிலை. பீடி, சிகரெட் புகையில் பென்சோபைரீன் என்ற விஷப் பொருள் இருக்கிறது. பி-53 ஜீனில் நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு எந்தெந்த எழுத்துகள் கெட்டிருக்கின்றனவோ, அதே எழுத்துகளில் போய்த்தான் அந்த விஷம் ஒட்டிக் கொள்கிறது என்று 1996-ல் நிரூபித்தார்கள். இதைவிட நேரான சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

அந்தியூர் என்றால் வெற்றிலை ஞாபகத்துக்கு வராமல் போகாது. கொடிக்கால் வெற்றிலையின் மேல் யாரும் கோபித்துக் கொள்ள வேண்டாம். அதன் மடியில் ஏறிக் கொள்ளும் பாக்கும் புகையிலையும்தான் வாய்ப் புற்றுக்குக் காரணங்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல் தீர்ப்புக் கூறிவிட்டது. கல்யாணத் தாம்பூலத்தை வாங்கிக் கொள்ளுங்கள்; மெல்லுகிற பழக்கத்தை மட்டும் விட்டு விடுங்கள். கன்னத்தை விட்டு இறங்காத புகையிலை உருண்டையோடு வீட்டில் யாராவது பெரியவர்கள் இருந்தால், வாய்க்குள் வெள்ளைத் தழும்போ ஆறாத புண்ணோ இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டி விடுங்கள்.

இரண்டாவது எதிரி பெண்களுக்கு மிகவும் வேண்டாதவன். எச்.பி.வி. என்ற வைரஸ். தாம்பத்திய உறவின் வழியாக வருவது. அதில் பல ரகங்கள். 16, 18 என்ற இரண்டு ரகங்கள்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் பத்துக்கு ஏழுக்குக் காரணம். ஜெர்மனியில் ஹெரால்டு ஸுர் ஹௌஸன் என்பவர் 1980-களில் இதைக் கண்டுபிடித்து, அதற்காக 2008-ல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த வைரஸ் காவல்காரனின் ஜீனைத் தொடுவதே இல்லை. பழுதில்லாத, நல்ல பி-53 புரதம் உண்டாகும். ஆனால் வைரஸின் ஈ-6 என்ற புரதம் அதன்மேல் 'குப்பை' என்று சீட்டு ஒட்டி விடும். ஸெல்லின் துப்புரவுக்காரர்கள் உண்மை தெரியாமல் காவல்காரனை அள்ளிக் கொண்டு போய் அழித்து விடுவார்கள். வீட்டு ஆட்களைக் கொண்டே வீட்டுக் காவலனை ஒழிக்கும் தந்திரம் இது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விட வேண்டும். இந்த வைரஸ் உலகத்தில் மிகச் சாதாரணம். கல்யாணமான பெண்களில் எத்தனையோ பேருக்கு எப்போதாவது ஒரு சமயம் வந்து, ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை விரட்டி விடுகிறது. அவர்களுக்குத் தெரியவே தெரியாது. சிலருக்கு மட்டும் போகாமல் தங்கி, பத்துப் பதினைந்து வருஷம் கழித்துப் புற்றாக மாறுகிறது. ஆகவே இந்த நோய் வந்த பெண்ணைப் பற்றி யாராவது ஏதாவது முணுமுணுத்தால், அவர்கள் வாயை அடைக்க வேண்டியது உங்கள் கடமை. இதில் வெட்கத்துக்கு எள்ளளவும் இடமில்லை. அந்தப் பத்துப் பதினைந்து வருஷ அவகாசம் நமக்குக் கிடைத்த வரம்.

கடிதத்தின் இரண்டாவது பக்கம்

இப்போது அந்த இரண்டாவது பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்த வாசகியின் மாமியாருக்கு மாதவிலக்கு நின்று ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சில மாதமாக மறுபடியும் புடவையில் உதிரக் கறை. துணியைத் தாமே துவைத்துக் கொடியின் ஓரமாக உலர்த்துவாராம். மருமகள் கேட்டபோது, "ஆருகிட்டயும் சொல்லாத அம்மிணி. வயசானா இதெல்லாம் இருக்கும்" என்று கையைப் பிடித்துக் கொண்டாராம். "அத்தையிடம் கொடுத்த வாக்கை மீறலாமா?" என்பது அவருடைய கேள்வி.

"மீறுங்கள். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்" என்று எழுதினேன். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி உதிரம் பட்டாலும் அதை வயசின் கோளாறு என்று தள்ளக் கூடாது. பெரும்பாலும் அது புற்றுநோயாக இருப்பதில்லை. வேறு சின்னக் காரணமாகவே இருக்கும். ஆனால் எது என்று டாக்டர் பரிசோதித்தால்தான் தெரியும். உறவுக்குப் பின் உதிரம் படுவதும், துர்நாற்றத்தோடு வெள்ளை படுவதும் இதே ரகம்தான்.

நம் நாட்டில் 2022-ல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்டது; சுமார் 80,000 பேர் அதனால் மாண்டார்கள். அதிகமான பேர் முற்றிய பிறகே வைத்தியத்துக்கு வருகிறார்கள். காரணம், அந்த மாமியார் சொன்ன அதே வார்த்தைதான்: "ஆருகிட்டயும் சொல்லாத."

அம்பிளிக்கையில் ஒரு பாட்டில் வினிகர்

இதை முன்னாலேயே கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டுமோ என்று நினைக்காதீர்கள். நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு அழகான நிரூபணம் நடந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கை என்ற ஊர். அங்குள்ள கிறிஸ்தவ சமூக ஆஸ்பத்திரியும், அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியும், பிரான்ஸில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 2000-ல் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கின. 30 முதல் 59 வயது வரை உள்ள சுமார் 80,000 கிராமத்துப் பெண்கள் அதில் அடக்கம்.

49,311 பேர் கொண்ட ஒரு பிரிவுக்குப் பரிசோதனைக்கு வரும்படி அழைப்பு. நர்ஸ்கள், வினிகரில் இருக்கும் அதே புளிப்புத் திராவகத்தைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார்கள். கெட்டுப் போக ஆரம்பித்த இடம் வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்தைக் குளிர்ச்சியால் உறைய வைத்து அழித்து விடலாம். பல பேருக்கு அன்றைக்கே வேலை முடிந்து விட்டது.

அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களே வந்தார்கள். அப்படியும் 2007-ல் முடிவுகள் வெளியானபோது, அந்தப் பிரிவில் புற்றுநோய் நூற்றுக்கு 25 பங்கும், அதனால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 35 பங்கும் குறைந்திருந்தன! ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகரின் சகோதரன், உயிரைக் காப்பாற்றியது பாருங்கள்.

இந்தச் சமயத்தில் இரண்டு பெண்மணிகளை நினைக்காமல் இருக்க முடியாது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்காமல், 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மறு வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் காலமாகும் வரை அதையே வீடாகக் கொண்டு உழைத்தார். புற்றுநோய் என்றால் சாவு என்று எல்லோரும் நம்பிய காலத்தில், "சீக்கிரம் வாருங்கள், பிழைக்கலாம்" என்று சொன்னவர்கள் அவர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

முப்பது வயது கடந்த சகோதரிகள், உடம்பில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் செய்து கொள்ள வேண்டும். அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதற்கு ஏற்பாடு இருக்கிறது, காசு கேட்பதில்லை. தமிழ்நாடு அரசாங்கம் 2023-ல் வீடு தேடி அழைப்புக் கொடுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யும் திட்டத்தை நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, ஈரோடு மாவட்டம் அந்த நான்கில் ஒன்று. ஆகவே அந்தியூர்ப் பெண்கள் "எங்களுக்கு யார் சொன்னார்கள்?" என்று கேட்க முடியாது.

மகளுக்கு ஒன்பது வயதுக்கு மேல் பதினான்குக்குள் இருந்தால், எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அந்த ஊசியில் இருப்பது வைரஸின் வெறும் மேல்தோல் மாதிரியான புரதம்தான். அதனால் நோய் வராது. வருகிற வைரஸை அடையாளம் கண்டு கொள்ள உடம்புக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும். புனாவில் தயாரான நம் நாட்டு ஊசிக்கே 2022-ல் அனுமதி கிடைத்திருக்கிறது. பதினான்கு வயதுச் சிறுமிகளுக்கு இந்த ஊசி போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசாங்கமும் 2025-ம் வருஷ பட்ஜெட்டில் அறிவித்தது. ஊசி போட்டுக் கொண்ட பெண்ணும் முப்பது வயதில் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஏனென்றால் ஊசி எல்லா ரக வைரஸையும் தடுப்பதில்லை.

பி-53-ஐத் திரும்ப எழுப்பும் மருந்து வராதா என்று கேட்பீர்கள். எம்.டி.எம்.2-ன் பிடியைத் தளர்த்தும் மருந்துகள், கோணிப் போன பி-53-ஐ நிமிர்த்தும் மருந்துகள் என்று பல இடங்களில் ஆராய்ச்சி நடந்து கொண்டிருக்கிறது. சீனாவில் 2003-லேயே நல்ல பி-53 ஜீனை ஊசி மூலம் புற்றுக்குள் செலுத்தும் மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆயினும் ஊர் உலகத்துக்கெல்லாம் பயன்படும் மருந்து இன்னும் கைக்கு எட்டவில்லை. எட்டுகிற காலத்தில் எட்டட்டும். அதுவரை நமக்கு இருக்கிற இரண்டு காவல்காரர்களைத் தூங்காமல் பார்த்துக் கொள்வது நம் பொறுப்பு.

இந்த வாரம் வீட்டில் ஒரு காரியம் செய்யுங்கள். பாயை விரித்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும் வேளையில், அம்மாவிடமோ அத்தையிடமோ அக்காவிடமோ மெதுவாகக் கேளுங்கள்: "உடம்பில் ஏதாவது மாறுதல் இருக்கிறதா?" முதல் தடவை இல்லை என்பார்கள். இரண்டாம் தடவையும் கேளுங்கள்.

அடுத்த வாரம், பி-53-க்கு ஒன்றுவிட்ட சகோதரன் போன்ற இன்னோர் உத்தரவுக்காரனைப் பார்ப்போம். பெண்களின் ஹார்மோன் வந்து தட்டினால்தான் எழுந்து வேலை செய்வான். மார்பகப் புற்றுநோய்க்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்கிறேன். கேள்விகள் இருந்தால் எழுதுங்கள். குழந்தைகளின் கேள்விகளுக்கு எப்போதும் முதல் இடம்.